உப்பு மூட்டை சுமந்த ஆடுகள்

உப்பு இல்லாத மளிகைக் கடை கிடையாது. லாபம் சொற்பம், எடை அதிகம், மழைக்காலத்தில் சேதாரம் வேறு. இருந்தும் நாம் அதை விட முடியாது. சங்க காலத்து உமணர்கள் வண்டியில் உப்பேற்றிப் போய் நெல்லுக்கு மாற்றியது வணிக அன்பர்கள் அறிந்த செய்தி. அதே பண்டமாற்று இமயமலையில் 1962 வரை ஆட்டின் முதுகில் நடந்தது என்பது பலருக்குப் புதிதாக இருக்கும்.

இன்றைய உத்தரகாண்ட் மாநிலத்தின் குமாவூன் மலைக் கிராமங்களுக்குக் கடல் வெகு தூரம். திபெத்தின் உப்பு ஏரிகள் கிட்டம். ஏரிக்கரையில் திரட்டிய உப்பைத் திபெத்திய மேய்ப்பர்கள் மானசரோவருக்குத் தெற்கேயுள்ள தக்லாகோட் சந்தைக்குக் கொண்டுவருவார்கள். நம் பக்கத்திலிருந்து 'போட்டியா' எனப்படும் மலை வணிகர்கள் ('போட்' என்றால் திபெத், நம் கடைத்தெருப் போட்டி அல்ல!) தானியம், வெல்லம், துணியோடு கோடையில் கிளம்புவார்கள். 16,000 அடிக்கு மேலுள்ள லிபுலேக் கணவாயைத் தாண்டி, உப்பும் கம்பளியும் வெங்காரமும் வாங்கித் திரும்புவார்கள்.

ஓர் ஆடு சுமப்பது சுமார் 10 கிலோதான். கம்பளி நூலில் நெய்த இரட்டைப் பையை முதுகின் இருபுறமும் தொங்கவிட்டுக் கட்டுவார்கள். இரண்டு பக்கமும் எடை சமமாக இருக்க வேண்டும்; இல்லாவிட்டால் பொதி சரிந்துவிடும். இவ்வளவு சிறிய சுமையில் என்ன கட்டும் என்று நமக்குத் தோன்றும். கணக்குப் பார்த்தால் விளங்கும். கோவேறு கழுதை தயங்கும் பாறை வழியிலும் ஆடு ஏறும். தீவனச் செலவு இல்லை. வழியில் உள்ளதை மேய்ந்துகொள்ளும். கால் தவறினால் போவது ஒரு பை மட்டுமே. எங்கள் மண்டிக்கு வந்த உப்பு லாரி ஒன்று மழையில் கவிழ்ந்து முழுச் சரக்கும் கரைந்ததைப் பார்த்த நமக்கு இதன் அருமை தெரியும். ஆனால் மந்தை மேய்ந்துகொண்டே நடப்பதால் பயணம் மெதுவாகத்தான் போகும். அவசரச் சரக்குக்கு உதவாது.

ஏரிப் பக்கம் உப்பு மலிவு, தானியம் கிராக்கி. கீழே இறங்க இறங்க அது தலைகீழாகும். அந்த வித்தியாசமே அவர்கள் லாபம்.

கடனும் உண்டு. ஒவ்வொரு போட்டியா வியாபாரிக்கும் திபெத்தில் நிரந்தரக் கூட்டாளி ஒருவர் இருப்பார். ஒப்பந்தத்தின்போது ஒரு கல்லை இரண்டாக உடைத்து ஆளுக்குப் பாதி வைத்துக்கொள்வார்கள். மறுமுறை மகனோ ஆளோ வந்தாலும் இரு பாதியும் பொருந்தினால் சரக்கு கை மாறும். 

1962 போரோடு கணவாய் அடைபட்டது. தக்லாகோட்டில் விட்டுவந்த சரக்கும், வரவேண்டிய பாக்கியும் பலருக்குத் திரும்பவே இல்லை. சுமை இல்லாத மந்தையை வைத்து என்ன செய்வது? பலர் விற்றுவிட்டார்கள். சாலை போடப்போட லாரியில் கடலுப்பு மலையேறியது.

1992-ல் லிபுலேக் வழி மீண்டும் திறந்தது. அதற்குள் 30 ஆண்டுகள் ஓடிவிட்டன. உப்புக்காகத் திபெத்தை எதிர்பார்க்கும் கிராமம் அப்போது இல்லை.