இயந்திரமும் படிக்கிறது, தெளிவாக எழுதுங்கள்!

சாப்ட்வேர் கருவிகளுக்கு விளக்கக் குறிப்பு எழுதுவதென்றால் பலருக்கு வேப்பங்காய். ஆனால் இப்போது அதைப் படிப்பது மனிதர் மட்டுமல்ல. மனிதருக்காகக் காரியம் முடித்துத் தரும் செயற்கை நுண்ணறிவு 'ஏஜெண்ட்'டும் படிக்கிறது!

2024 நவம்பரில் அமெரிக்காவின் ஆந்த்ரோபிக் கம்பெனி 'எம்.சி.பி.' என்ற பொது நெறிமுறையை வெளியிட்டது. இதன்படி ஒவ்வொரு கருவிக்கும் பெயர், செய்யும் வேலை, தரவேண்டிய விவரங்கள் ஆகியவை எழுதி வைக்கப்படுகின்றன. அவற்றைப் பார்த்தே ஏஜெண்ட் கருவியைத் தேர்ந்தெடுக்கிறது.

பெங்களூரிலிருந்து சென்னைக்கு டிக்கெட் எடுக்க ஒரு கருவி இருப்பதாக வைத்துக் கொள்வோம். குறிப்பில் 'ஸ்டேஷன், தேதி' என்று மட்டும் இருந்தால்? சென்னை சென்ட்ரலுக்கு ரயில்வே குறியீடு 'எம்.ஏ.எஸ்.', எழும்பூருக்கு 'எம்.எஸ்.'. 04-05 என்பது நம் நாட்டில் மே 4. அமெரிக்காவில் ஏப்ரல் 5. கவுண்டரில் இருப்பவர் சந்தேகம் வந்தால் கேட்பார். ஏஜெண்டோ சில நேரம் தானே ஊகித்துக் காரியத்தை முடித்துவிடும். நஷ்டம் பயணிக்கு!

ஆகவே எந்தக் குறியீடு, தேதிக்கு எந்த வரிசை, கருவி எதைச் செய்யாது, பிழை நேர்ந்தால் என்ன பதில் வரும், ரத்து செய்ததை மீட்க முடியுமா என்பதையெல்லாம் ஓர் உதாரணத்துடன் எழுதிவிட வேண்டும். புதிதாக வேலைக்குச் சேருபவருக்கும் அதே குறிப்பு உதவும்.