சுவரொட்டியை வாசித்தல்: சுவிற்சர்லாந்தின் வாக்கெடுப்புப் பரப்புரைகளும் புலம்பெயர் தமிழரும்

முன்னுரை

பேர்ண் நகரின் மேற்கில் அமைந்த பூம்ப்ளிஸ், 1919ஆம் ஆண்டு அந்நகருடன் இணைக்கப்படும்வரை தனி ஊராட்சியாக விளங்கியது. இன்று பல நாட்டவரும் வாழும் குடியிருப்புப் பகுதி இது. அவர்களுள் தமிழரும் உளர். இங்கு வாழ்வோருள் குடியுரிமை பெறாதார் நாடளாவிய வாக்கெடுப்புகளில் வாக்களிக்க இயலாது. ஆயினும் அவ்வாக்கெடுப்புகள் பலவற்றின் பேசுபொருள் அவர்களே. இம்முரணை முன்வைத்து, பரப்புரைச் சுவரொட்டிகள் பொருள்படும் முறையையும், அவற்றுக்கு எதிரான பரப்புரைகள் கற்ற பாடத்தையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

சுவரொட்டியின் இடம்

சுவிற்சர்லாந்தில் 18 மாதங்களுக்குள் 1,00,000 கையொப்பங்களைத் திரட்டுவோர், அரசியலமைப்புத் திருத்தமொன்றை மக்கள் வாக்கெடுப்புக்குக் கொண்டுவரலாம். அது நிறைவேற, வாக்களித்த மக்களின் பெரும்பான்மையும் மாநிலங்களின் பெரும்பான்மையும் வேண்டும். வானொலியிலும் தொலைக்காட்சியிலும் அரசியல் விளம்பரம் தடைசெய்யப்பட்டுள்ளமையால், தொடருந்து நிலையங்களிலும் தெருவோரங்களிலும் நிற்கும் சுவரொட்டி பிற நாடுகளில் இல்லாத வலிமையை இங்குப் பெறுகிறது. நடந்து செல்பவர் அதன்மீது செலுத்தும் பார்வை சில நொடிகளே நீடிக்கும். அச்சில நொடிக்குள் வாதம் நுழையாது, உருவம் நுழைந்துவிடும்.

உரையும் உருவமும்

2007இல் சுவிஸ் மக்கள் கட்சி வெளியிட்ட சுவரொட்டியில், தேசியக் கொடியின்மேல் நிற்கும் வெள்ளாட்டு மந்தை அன்று, மூன்று வெள்ளைச் செம்மறிகளே காட்டப்பட்டன. அவற்றுள் ஒன்று கறுப்புச் செம்மறியை உதைத்து வெளியேற்றுகிறது. கறுப்புச் செம்மறி என்பது ஒழுங்கு தவறியவரைக் குறிக்கும் ஐரோப்பிய வழக்கு எனக் கட்சி விளக்கியது. பார்ப்போர் பலருக்கோ அது தோலின் நிறத்தைச் சுட்டியது. இருபொருள் தரும் உருவம் இவ்வாறு குற்றச்சாட்டையும் விளைவிக்கிறது, மறுப்புக்கான வாயிலையும் திறந்து வைக்கிறது.

2009 நவம்பர் 29இல் நிகழ்ந்த வாக்கெடுப்பு இதனை மேலும் தெளிவாக்கும். முன்மொழியப்பட்ட திருத்தம், மினாரட்டுகள் கட்டுவதைத் தடைசெய்யும் ஒற்றை வரி. அப்போது நாட்டில் இருந்த மினாரட்டுகள் நான்கே. சுவரொட்டியிலோ கொடியைத் துளைத்தெழும் ஏவுகணைகளை ஒத்த கரிய கோபுரங்களும், முகம் மறைத்த பெண்ணொருத்தியும் இடம்பெற்றனர். சட்டவரி கட்டடத்தைப் பேசிற்று. உருவம் அச்சத்தைப் பேசிற்று. பாசல், லோசான் ஆகிய நகரங்கள் அதனை ஒட்ட மறுத்தன. சூரிச், ஜெனீவா அனுமதித்தன. இவ்விவாதத்தைச் செய்தியாக்கிய ஊடகங்கள் அதே படத்தை மீண்டும் மீண்டும் வெளியிட்டன. முன்மொழிவு தோற்கும் எனக் கருத்துக்கணிப்புகள் கூறியிருக்க, 57.5 விழுக்காட்டினர் ஆதரித்தனர். இதற்குச் சுவரொட்டி மட்டுமே காரணமெனக் கொள்ள இயலாது. ஆனால் கண்டனமும் பரப்புரையின் ஊர்தியாகலாம் என்பது இங்குப் புலனாகிறது.

எதிர்ப்பரப்புரையின் மாற்றம்

2016 பெப்ரவரி 28இல், குற்றமிழைத்த வெளிநாட்டவரைத் தனிநிலைக் கடுந்துயர் கருதாமல் தாமாகவே நாடுகடத்த வழிசெய்யும் முன்மொழிவு வாக்கெடுப்புக்கு வந்தது. சுவிற்சர்லாந்திலேயே பிறந்து வளர்ந்து, குடியுரிமை பெறாதிருந்த இரண்டாந் தலைமுறையினரையும் அது தொட்டிருக்கும். 2014இல் தோன்றிய ‘ஒப்பரேஷன் லிபெரோ’ உள்ளிட்ட எதிர்ப்பாளர், செம்மறிப் படத்தோடு மல்லுக்கட்டவில்லை. நீதிபதியின் கைகளைக் கட்டலாமா, சட்டத்தின் ஆட்சி யாருக்குரியது என்னும் வினாக்களை முன்வைத்தனர். ‘வெளிநாட்டவர் நல்லவரா’ என்ற கேள்வி ‘நமது அரசியலமைப்பு என்னாகும்’ என்று இடம்பெயர்ந்தது. 58.9 விழுக்காட்டினர் முன்மொழிவை நிராகரித்தனர்.

தமிழருக்கான பொருத்தம்

1980களில் சுவிற்சர்லாந்தை அடைந்த ஈழத்தமிழ் இளைஞர், அந்நாட்டு இதழ்கள் சிலவற்றில் போதைப்பொருளோடு சேர்த்துப் பேசப்பட்டனர். பின்னர் உணவகச் சமையலறைகளில் உழைத்த அதே மக்கள் ‘உழைப்பாளிகள்’ எனப் புகழப்பட்டனர். இரு படிமங்களும் பிறர் வரைந்தவையே. இரண்டாவதை மகிழ்ந்து ஏற்பவர், அது மற்றொரு குடியேறியை இழித்துரைக்கும் அளவுகோலாக மாறுவதைக் காணத் தவறுவர். பூம்ப்ளிஸுக்குச் செல்லும் வழியில், ஐரோப்பாத் திடலில், 2014 டிசம்பரில் திறக்கப்பட்ட ‘சமயங்களின் இல்லம்’ ஒரே கூரையின்கீழ்ச் சைவக் கோயிலையும் பள்ளிவாசலையும் கொண்டுள்ளது. அண்டை வீட்டாரைக் குறித்த சுவரொட்டி தம்மைக் குறித்ததன்று எனக் கருதுவதற்கு அவ்விடம் மறுமொழியாகும்.

முடிவுரை

வாக்கெடுப்புக்கு மூன்று வாரங்களுக்கு முன்னரேனும் வாக்காளரைச் சேரும் அரசின் விளக்கக் கையேடு, நாட்டின் நான்கு மொழிகளில் வெளிவருகிறது. அவற்றுள் தமிழ் இல்லை. குடியுரிமை பெற்ற தமிழ் முதியோருக்குச் சுவரொட்டி எளிதிற் புரிகிறது, சட்டவரி புரிவதில்லை. இவ்விடைவெளியை நிரப்புவது தமிழ்ப் பள்ளிகளும் சங்கங்களும் ஏற்கத்தக்க பணி. சட்டவரி சொல்வது யாது, உருவம் சொல்வது யாது, பேசப்படுவோருள் பேசும் வாய்ப்புப் பெறாதார் யாவர் என்னும் மூன்று வினாக்களே அதற்குப் போதிய தொடக்கமாகும்.