நீக்கமும் மீட்பும்: தூய்மைவாதிகளின் ஒழுக்கத் தண்டனையும் யாழ்ப்பாண அமெரிக்க மிசன் திருச்சபையும்

முன்னுரை

ஒழுக்கம் தவறியவரை ஒரு சமூகம் எவ்வாறு தண்டிக்கின்றது என்பது, அச்சமூகம் எதனைத் தன் உயிராகக் கருதுகின்றது என்பதைக் காட்டும். பதினேழாம் நூற்றாண்டில் இங்கிலாந்திலிருந்து சென்று மசாச்சுசெற்ஸ் கரையில் குடியேறிய பியூரிட்டன்கள் எனும் தூய்மைவாதிகள் இதற்குப் பெரிதும் எடுத்துக்காட்டப்படுபவர்கள். 1816 முதல் யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய அமெரிக்க மிசனரிகளுட் பெரும்பாலோர் அவர்களது கொங்கிறிகேஷனல் திருச்சபை மரபில் வந்தோர். ஆதலின் தூய்மைவாதிகளின் தண்டனைமுறை தமிழர் சமூக வரலாற்றுக்கு முற்றிலும் அயலானதன்று. அம்முறை தன் தாயகத்தில் எவ்வாறு இயங்கியது, யாழ்ப்பாணத்தில் ஏன் வலுக்குன்றியது என்பவற்றை இக்கட்டுரை விளக்குகின்றது.

நீதிமன்றமும் சபையும்

மசாச்சுசெற்ஸில் இருவகைத் தண்டனைகள் நிலவின. முதலாவது, நீதிமன்றம் விதித்தது. 1641ஆம் ஆண்டின் சட்டத்தொகுப்பு பிறன்மனை விழைதலை மரணதண்டனைக்குரிய குற்றமாக்கியது. 1644இல் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் அக்குற்றத்திற்காகத் தூக்கிலிடப்பட்டனர். அயற் குடியேற்றமான பிளிமத், 1658இல் இத்தகைய குற்றவாளிகள் தம் ஆடையில் இரண்டு எழுத்துக்களைத் தைத்து அணியவேண்டும் என விதித்தது. மசாச்சுசெற்ஸ் 1694இல் மரணதண்டனையைக் கைவிட்டுக் கசையடியையும், கழுத்திற் கயிற்றுடன் தூக்குமேடையில் ஒரு மணிநேரம் இருத்தலையும், ‘ஏ’ எனும் ஆங்கில எழுத்தை அணிதலையும் ஏற்படுத்தியது. நத்தானியேல் ஹோதோர்ன் 1850இல் வெளியிட்ட ‘த ஸ்கார்லெட் லெட்டர்’ நாவல் இவ்வழக்கத்தை உலகறியச் செய்தது.

இரண்டாவது, சபை விதித்தது. 1648ஆம் ஆண்டின் கேம்பிரிட்ஜ் சபை ஒழுங்கு இதனைப் படிமுறையாக வகுத்தது. முதலில் தனிமையில் அறிவுரை, பின் ஓரிருவர் முன்னிலையில் அறிவுரை, அதன்பின் சபை முன் கண்டனம், இறுதியிற் சபைநீக்கம். வெளிப்படையான கொடுங்குற்றமாயின் இப்படிகளின்றியும் நீக்கலாம். நீக்கப்பட்டவருடன் சபையார் நெருங்கிப் பழகலாகாது. எனினும் குடும்பக் கடமைகளும் குடியுரிமைகளும் அவரை விட்டு நீங்குவதில்லை. பிரசங்கம் கேட்கவும் அவர் வரலாம். மனந்திரும்பிச் சபை முன் குற்றத்தை அறிக்கையிடுவாராயின் மீண்டும் ஏற்கப்படுவார். சபைத்தண்டனையின் குறிக்கோள் ஒருவரை இழப்பதன்று, மீட்பதே.

இவ்விரண்டும் கோட்பாட்டளவில் வேறாயினும் நடைமுறையிற் பின்னிக்கிடந்தன. 1631 முதல் சபை உறுப்பினரே வாக்குரிமை பெற்றனர். சிறு குடியேற்றத்தில் சபையே அயலும் சுற்றமும் ஆகும். நீக்கப்பட்டவருக்குச் செல்ல வேறிடமில்லை. தண்டனையின் ஆற்றல் அங்கேயே இருந்தது.

யாழ்ப்பாணத்தில் அம்முறை

அமெரிக்க மிசனரிகளின் வருகைக்கு முன்னரே யாழ்ப்பாணம் கல்வினிய ஆட்சியொன்றைக் கண்டிருந்தது. 1658இல் அதனைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் திருமுழுக்கையும் திருமணத்தையும் பள்ளித் தோம்புகளிற் பதிந்தனர். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாத பெற்றோரிடம் தண்டம் அறவிட்டனர். அரசும் சபையும் கைகோத்த அந்த ஏற்பாடு வெளித்தோற்றக் கிறிஸ்தவத்தையே பெருமளவில் விளைவித்தது. ஆட்சி மாறியதும் பலர் சைவத்திற்குத் திரும்பினர்.

அமெரிக்க மிசனரிகளிடம் அரச அதிகாரம் இருக்கவில்லை. 1823இல் வட்டுக்கோட்டை செமினரியையும் 1824இல் உடுவில் பெண்கள் பாடசாலையையும் தொடங்கிய அவர்கள், திருச்சபை ஒழுங்கைச் சொல்லாலேயே காக்கவேண்டியிருந்தது. இராப்போசனத்திலிருந்து இடைநிறுத்தலும் சபைநீக்கமுமே அவர்களின் கருவிகள். பாலொழுக்கத்தோடு, கோயிற் கிரியைகளிற் பங்கெடுத்தலும் சைவ முறைப்படி மணம் செய்தலும் இங்குக் குற்றங்களாயின. உறவினரின் சடங்கிற்குச் செல்லுதல் ஊராருக்குக் கடமை. சபைக்கு அதுவே பிறழ்வு.

யாழ்ப்பாணத்து ஊரும் தனக்கெனத் தண்டனைமுறை கொண்டிருந்தது. விலக்கப்பட்ட குடும்பத்தின் நன்மை தீமைகளிற் சுற்றத்தார் கலந்துகொள்ளார்; சலவை செய்வோரும் முடிதிருத்துவோரும் சடங்குப் பணி செய்ய வாரார். மதம் மாறியவர் ஊரின் விலக்கையும் சபையின் விலக்கையும் ஒருங்கே அஞ்சவேண்டியிருந்தது. ஆயினும் சபை நீக்கியவருக்கு ஊர் இருந்தது. 1848இல் ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவியபின், ஆங்கில மிசன் கல்விக்கு வெளியேயும் மதிப்பிற்குரிய கல்விக்களம் ஒன்று உருவாயிற்று. வட்டுக்கோட்டையிற் கற்ற சி. வை. தாமோதரம்பிள்ளை பிற்காலத்திற் சைவத்திற்கு மீண்டு, பதிப்புலகில் உயர்நிலை எய்தினார். மசாச்சுசெற்ஸில் நீக்கம் தனிமையைத் தந்தது. யாழ்ப்பாணத்திற் பலருக்கு அது பழைய வீட்டின் வாயிலையே காட்டியது.

முடிவுரை

தண்டனையின் வலிமை அதன் கடுமையில் மட்டும் தங்கியிருப்பதில்லை. தண்டிக்கப்பட்டவருக்குப் புகலிடம் உண்டா என்பதிலும் தங்கியுள்ளது. கசையடியும் எழுத்தும் தூய்மைவாதிகளின் அடையாளங்களாக நினைவில் நிற்கின்றன. மீள ஏற்றல் எனும் அவர்களது ஒழுங்கு பெரிதும் மறக்கப்பட்டுள்ளது. றிச்மண்ட் ஹில் போன்ற புலம்பெயர் நகரங்களிற் கோயில், தேவாலயம், ஊர்ச்சங்கம், பழைய மாணவர் சங்கம் என்பனவே பலருக்கு ஊராக விளங்குகின்றன. அவை ஒருவரை ஒதுக்கும்போது எழுதப்பட்ட விதியோ, படிப்படியான அறிவுரையோ, திரும்பும் வழியோ பெரும்பாலும் இருப்பதில்லை, ஊர்வாயே தீர்ப்பளிக்கின்றது. 1648ஆம் ஆண்டின் கடுமையான சபையார்கூட நீக்குவதற்கு முன் அறிவுரையையும், நீக்கியபின் மீட்பையும் விதியாக எழுதிவைத்தனர் என்பது இவ்விடத்தில் எண்ணத்தக்கது.