காலொடிந்த விடைக்கோழியும் கொத்தும் கூட்டமும்

சென்ற ஆண்டு நமது அறக்கட்டளை மூலம் சில சகோதரிகளுக்கு ஒரு மாத வயதுள்ள நாட்டுக்கோழிக் குஞ்சுகளை வழங்கினோம். மூன்று மாதம் கழித்து அவர்களில் ஒருவர் போன் செய்தார். "ஒரு விடைக்கோழி காலைத் தூக்கிக்கிட்டே நிக்குது. மத்ததெல்லாம் அதைக் கொத்தியே கொன்னுடும் போல. அறுத்துடவா?" என்று கேட்டார். இன்னும் இரண்டு மாதத்தில் முட்டையிட வேண்டிய கோழி அது.

வீட்டுக்குள் தனி அறையில் வைத்து வைத்தியம் பாருங்கள் என்றோம். மூன்று வாரத்தில் கால் கூடிவிட்டது. ஆனால் காலையில் திறந்து விட்டதும் மற்ற கோழிகள் அதை அந்நியக் கோழியாக நினைத்து, தலையில் ரத்தம் வரக் கொத்திவிட்டன. தவறு எங்களுடைய ஆலோசனையில்தான். ஆகவே இந்த விளக்கம்.

முதலில் காலைப் பாருங்கள். இருட்டியபின் பிடித்தால் கோழி மிரளாது. துணியில் சுற்றி மடியில் வைத்து, நல்ல காலோடு ஒப்பிடுங்கள். தையல் மெஷின் உள்ள வீடுகளில் நூலோ தலைமுடியோ விரலில் சுற்றி இறுகியிருப்பது சாதாரணம். சிறு கத்தரியால் வெட்டி எடுத்தாலே பாதி வேலை முடிந்தது. வீக்கம் மட்டும் இருந்து விரல்கள் அசைந்தால் சுளுக்குதான். ஒரு வாரம் ஓடாமல் இருப்பதே மருந்து.

முட்டிக்குக் கீழே, இறகில்லாத பகுதியில் எலும்பு முறிந்து கால் தொங்கினால், பஞ்சு சுற்றி இருபுறமும் ஐஸ் குச்சி வைத்துக் கட்டலாம். இளங்கோழிக்கு இரண்டு மூன்று வாரத்தில் எலும்பு கூடும். கட்டு இறுகிவிடக் கூடாது. விரல்கள் சில்லிட்டாலோ வீங்கினாலோ உடனே தளர்த்துங்கள். தொடைப் பகுதி முறிந்தாலும், எலும்பு வெளியே தெரிந்தாலும் வீட்டில் கட்ட வேண்டாம். அன்றே கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டு போங்கள். நாம் சாப்பிடும் வலி மாத்திரையைக் கொடுக்காதீர்கள். மருத்துவர் மருந்து தந்தால், எத்தனை நாள் கழித்து முட்டையும் இறைச்சியும் சாப்பிடலாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

அடிபட்ட அடையாளமே இல்லாமல் ஒரு கால் முன்னும் ஒரு கால் பின்னுமாகக் கிடந்தாலோ, கழுத்து திருகிப் பச்சையாகக் கழிந்தாலோ அது காயமல்ல. மேரக்ஸ், வெள்ளைக் கழிச்சல் போன்ற தொற்றுநோயாக இருக்கலாம். அப்போது மட்டும் கூட்டத்தை விட்டுத் தூரமாகப் பிரித்துவிட்டு மருத்துவரிடம் சொல்லுங்கள்.

இனி கொத்தும் விஷயம். கோழிகளுக்குள் யார் முதலில் தின்பது, யார் விலகி நிற்பது என்று ஒரு வரிசை உண்டு. நார்வே நாட்டவர் ஒருவர் நூறு ஆண்டுகளுக்கு முன்பே இதைக் கவனித்து எழுதினார். நொண்டும் கோழி அந்த வரிசையில் கடைசிக்குப் போய்விடும். சிவப்பாக ரத்தம் தெரிந்தால் எல்லாம் சேர்ந்து அங்கேயே கொத்தும்.

எனவே காயக்கோழியைக் கண்மறைவாக வைக்காதீர்கள். அதே முற்றத்தில், நிழலில், பஞ்சாரத்துக்குள் வையுங்கள். மற்றவை பார்க்க வேண்டும், ஆனால் கொத்த முடியக் கூடாது. காயத்தில் மஞ்சளும் வேப்பெண்ணெயும் குழைத்துப் பூசினால் ஈயும் அண்டாது, சிவப்பும் மறையும். கால் சரியானதும், பொழுது சாய்ந்து மற்றவை அடைந்தபின் கூட்டுக்குள் விடுங்கள். மறுநாள் தீனியையும் தண்ணீரையும் இரண்டு இடத்தில் வைத்து, ஒரு கட்டுக் கீரையைத் தொங்கவிட்டால் அவற்றுக்கு வேலை இருக்கும். ஒரே கோழிதான் விரட்டுகிறது என்றால் அதை மூன்று நான்கு நாள் பஞ்சாரத்தில் அடையுங்கள். திரும்பி வரும்போது அதன் அதிகாரம் குறைந்திருக்கும். கூடு நெருக்கடியாக இருந்தாலும், தவிடும் குருணையும் மட்டுமே தீனியானாலும் கொத்துவது நிற்காது. கடலைப் புண்ணாக்கு, கரையான் சேருங்கள்.

அறுப்பதா என்ற கேள்விக்கு வருவோம். கோழி தீனி தின்றால் பொறுத்திருங்கள். காயம் அழுகி, தின்பதை நிறுத்தி, மருத்துவரும் கைவிட்டால் அதைத் துடிக்க விடாதீர்கள். ஆனால் கொத்துப்பட்டுச் செத்தபின் அது நமக்கு ஆகாது என்பதை எல்லோரும் அறிவோம்.

அந்தச் சகோதரியின் கோழி பத்து நாள் பஞ்சாரத்தில் இருந்துவிட்டு ஒரு மஃரிப் நேரத்தில் கூட்டுக்குத் திரும்பியது. இப்போது முட்டையிடுகிறது, நடை மட்டும் சற்றுச் சாய்ந்திருக்கிறது. பஞ்சாரம் இல்லாதவர்கள் அலுவலகத்தில் கேளுங்கள், இரவல் தர இரண்டு வைத்திருக்கிறோம்.