பெயரைப் பார்த்து மூடும் கதவு

காலை பத்து மணிக்குக் கூட்டம். இரண்டு நிமிடம் முன்பே லிங்க்கைத் தட்டினேன். 'இந்த பிரவுசரில் இயங்காது, குரோமில் திறக்கவும்' என்றது திரை. நான் வைத்திருந்தது ஃபயர்ஃபாக்ஸ். முந்தைய நாள் இரவுதான் இதே ஃபயர்ஃபாக்ஸில், இதே கேமராவில், வேறொரு சேவை வழியாக அக்காவிடம் முகம் பார்த்துப் பேசியிருந்தேன். குரோமை இறக்கி, நிறுவி, மைக்குக்கு அனுமதி கொடுத்து உள்ளே நுழையும்போது மணி பத்தேகால். நான் பேச வேண்டிய பகுதி முடிந்திருந்தது.

பிரவுசரிலேயே படமும் குரலும் பாய வழிசெய்யும் நுட்பத்துக்கு வெப்ஆர்டிசி என்று பெயர். 2011-ல் கூகுள் அதைத் திறந்த மூலநிரலாக வெளியிட்டது. 2013 பிப்ரவரியில் குரோமும் ஃபயர்ஃபாக்ஸும் ஒன்றையொன்று அழைத்துப் பேசின. 2017-ல் சஃபாரியும் சேர்ந்துகொண்டது. 2021 ஜனவரியில் டபிள்யூ3சி அமைப்பு அதை முறையான தரமாக ஏற்றது.

அழைப்பு தொடங்கும்போது இரு பக்கமும் ஒரு பட்டியலை நீட்டுகின்றன: 'படத்தைச் சுருக்க எனக்கு இந்த இந்த முறைகள் தெரியும், குரலுக்கு இவை.' இரண்டுக்கும் பொதுவானது எதுவோ, அதில் பேச்சு நடக்கும். ஒருகாலத்தில் இந்தப் பட்டியலிலேயே சண்டை இருந்தது. படத்தைச் சுருக்க விபி8 முறை வேண்டும் என்றது ஒரு தரப்பு, எச்.264 என்றது மறு தரப்பு. பிரவுசர்கள் இரண்டையும் அறிந்திருக்க வேண்டும் என்று 2014-ல் சமரசம் ஆனது. பலர் கூடும் கூட்டத்தில் பல படங்களை எப்படிப் பட்டியலிடுவது என்பதில் குரோம் ஒரு வழியிலும் ஃபயர்ஃபாக்ஸ் வேறு வழியிலும் போயின. 2019-ல் குரோம் பொது வழிக்கு மாறியது. திரையோடு ஒலியையும் பகிர்வது போன்ற சில வசதிகள் மட்டும் இன்னும் எல்லாவற்றிலும் ஒன்றுபோல இல்லை.

அப்படியென்றால் வாசலிலேயே ஏன் மறுப்பு? பல தளங்கள் பிரவுசரின் திறனைச் சோதிப்பதில்லை, பெயரைத்தான் படிக்கின்றன. அந்தப் பெயரோ நம்பத்தக்கதே அல்ல. குரோம் ஒரு தளத்துக்குச் சொல்லும் அறிமுக வரி 'மொசில்லா/5.0' என்று தொடங்கி, நடுவில் 'கெக்கோ போல' என்று சொல்லி, 'சஃபாரி' என்று முடிகிறது. மூன்றுமே போட்டியாளர்களுடைய பெயர்கள். தொண்ணூறுகளில், தன்னை 'மொசில்லா' என்று சொல்லிக்கொண்ட நெட்ஸ்கேப்புக்கு மட்டும் நல்ல பக்கத்தைக் கொடுத்த தளங்களைத் தாண்டவே, இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 'மொசில்லா' என்று பெயர் பூண்டது. பின்னால் வந்தவையும் அதே வழியில் போயின.

முப்பது ஆண்டுகள் ஆகியும் அதே தவறு தொடர்கிறது. 'கேமராவைத் திறப்பாயா? இந்தச் சுருக்கமுறை தெரியுமா?' என்று பிரவுசரையே கேட்டுப் பார்க்கச் சில வரி நிரல் போதும். ஒரு வசதி இல்லையென்றால் அந்தப் பொத்தானை மட்டும் மறைத்துவிட்டு ஆளை உள்ளே விடலாம். 'இயங்காது' என்ற சொல்லுக்குப் பின்னால் பெரும்பாலும் இருப்பது 'நாங்கள் சோதித்துப் பார்க்கவில்லை' என்பதுதான். அலுவலகக் கணினியில் புதிதாக எதையும் நிறுவ அனுமதியில்லாத ஊழியருக்கு அந்த ஒரு சொல் கூட்டத்தையே மூடிவிடுகிறது. அவருக்காகவாவது அந்தச் சோதனையைச் செய்யுங்கள்.