சீன மட்கலன்களும் ஒப்பனையும்: சோழமண்டலக் கரையில் கிடைக்கும் ஓடுகளை இனங்காணல்

முன்னுரை

கடலூர், சிதம்பரம் கடற்கரைப் பகுதிகளில் மேற்பரப்பாய்வு செய்வோர், பச்சையோ நீலமோ கலந்த மெருகுடைய பானை ஓடு ஒன்றைக் கண்டவுடன் அதனைச் ‘சீன ஓடு’ எனக் குறித்துவிட வாய்ப்புண்டு. ஆனால் பாரசீக வளைகுடாப் பகுதியிலிருந்து வந்த நீலப்பச்சை மெருகுக் கலன்களும் தென்னிந்திய, இலங்கைக் கரைகளில் கிடைக்கின்றன. இரண்டையும் மயங்கக் கொண்டால், மேற்கிலிருந்து வந்த பொருள் கிழக்கிலிருந்து வந்ததாகிவிடும். அவ்வூரின் வணிக வரலாறு முழுவதும் திசைமாறி எழுதப்படும். எனவே ஓட்டின் ஒப்பனையை நோக்குமுன் அதன் மண்ணையும் சுட்ட முறையையும் நோக்க வேண்டும் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

மண்ணும் தீயும்

மஞ்சள் ஆற்றுப் பள்ளத்தாக்கில் ஏறத்தாழ கி.மு. 5000 முதல் 3000 வரை நிலவிய யாங்ஷாவோ பண்பாட்டினர், சிவந்த களிமண் கலன்களின்மேல் கறுப்பு வண்ணம் தீட்டிப் பின்னர்ச் சுட்டனர். சியான் நகருக்கு அருகிலுள்ள பான்போவில் மீன் உருவங்களும், மீனோடு இணைந்த மனித முகமும் தீட்டிய வட்டில்கள் கிடைத்துள்ளன. அவ்வட்டில்கள் குழந்தைகளைப் புதைத்த தாழிகளுக்கு மூடியாக அமைந்தவை. முதுமக்கள் தாழிகளை அறிந்த நமக்கு இது வியப்பளிக்காது. பின்வந்த லுங்ஷான் பண்பாட்டில் தீட்டோவியம் பெரிதும் மறைந்தது. சக்கரத்தில் வனைந்து மெருகேற்றிய கறுப்புக் கலன்களே அப்பண்பாட்டின் சிறப்பு. அவற்றுள் சிலவற்றின் சுவர் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான கனமுடையது.

தமிழகத்தின் கறுப்பு-சிவப்பு மட்கலன்களில் நிறம் தூரிகையால் அமைந்ததன்று, தீயால் அமைந்தது. காற்றுப் படாத உட்புறமும் விளிம்பும் கறுக்க, காற்றுப் பட்ட வெளிப்புறம் சிவந்தது. அவற்றின்மேல் காணும் குறியீடுகளுள் பெரும்பாலானவை சுட்டபின் கீறப்பட்டவை.

இவை யாவும் நீரை உறிஞ்சும் மட்கலன்களே. சீனச் சூளைகள் ஷாங் காலத்திலேயே ஏறத்தாழ 1200 பாகை செல்சியசு வெப்பத்தை எட்டத் தொடங்கின. அவ்வெப்பத்தில் தக்க களிமண் கல்போல் இறுகும், மெருகும் உடலோடு ஒன்றிப்போகும். தமிழகக் கரைக்கு வந்து சேர்ந்த சீனக் கலன்கள் பெரும்பாலும் இவ்வழியில் வளர்ந்த கல்வகைக் கலன்களும் பீங்கான்களுமே ஆகும். ஆகவே அவற்றைப் பொதுவாக ‘மட்கலன்’ என்று அறிக்கையில் எழுதுவது குழப்பத்திற்கே இடந்தரும்.

இந்த வேறுபாட்டை ஓட்டின் உடைந்த விளிம்பிலேயே காணலாம். சீனச் செலடான் ஓட்டின் உள்மண் சாம்பல் நிறமாகவோ வெளிறியோ, செறிவாக இருக்கும். தட்டினால் கணீரென ஒலிக்கும். அதன் பச்சை, மெருகிலுள்ள சிறிதளவு இரும்பு காற்றுக் குறைந்த சூளையில் பெற்ற நிறமாகும். மேற்காசிய நீலப்பச்சை ஓட்டின் உள்மண் மஞ்சள் சார்ந்து, மென்மையாக, துளைகள் மிக்கிருக்கும். மெருகு செதிலாக உரியும். அந்நிறம் செம்பினால் வந்தது.

ஒப்பனையின் சான்று

மண்ணை அறிந்த பின்னரே ஒப்பனை காலம் சொல்லும். லுங்சுவான் சூளைகளின் செலடான் கிண்ணங்களில் வெளிப்புறம் தாமரை இதழ்கள் செதுக்கப்பட்டிருக்கும். சில தட்டுகளின் உள்ளே இரட்டை மீன்கள் புடைத்து நிற்கும். இவ்வகைக் கலன்கள் 13, 14ஆம் நூற்றாண்டுகளில் பெருமளவில் ஏற்றுமதியாயின. பான்போ மீனுக்கும் இம்மீனுக்கும் நேர்த்தொடர்பு காண முயல்வது வீண்முயற்சி. தாமரையைக் கண்டு உள்ளூர்ச் சமய அடையாளம் என்பதும் அத்தகையதே. வெண்பீங்கானின்மேல் கோபால்ட்டு நீலம் தீட்டி, அதன்மேல் மெருகிட்டுச் சுடும் முறை 14ஆம் நூற்றாண்டில் சிங்தேசனில் ஓங்கியது.

இராமநாதபுரம் மாவட்டத்துப் பெரியபட்டினத்தில் நொபோரு கராஷிமா, எ. சுப்பராயலு முதலியோர் ஆராய்ந்த சீன ஓடுகளில் செலடானே மிகுதி. சிதம்பரத்திலிருந்து காட்டுமன்னார்கோயில் வழியாகச் செல்லும்போது எதிர்ப்படும் கங்கைகொண்ட சோழபுரத்தின் அகழாய்விலும் சீனக் கலன் ஓடுகள் கிடைத்துள்ளன.

ஒப்பனையை மட்டும் நம்புவதன் இடரைக் கடலூருக்கு வடக்கேயுள்ள அரிக்கமேடு உணர்த்துகிறது. அங்கு 1945இல் அகழ்ந்த மார்ட்டிமர் வீலர், உட்புறம் புள்ளிவரி வளையங்கள் பதித்த ரௌலட்டட் கலன்களை மத்தியதரைக்கடல் பகுதியினவாகக் கருதினார். பின்னர் நிகழ்ந்த மண் பகுப்பாய்வுகள் அவை இந்தியாவிலேயே செய்யப்பட்டவை எனக் காட்டின. ஒப்பனை முறை எங்கும் பரவக்கூடியது, களிமண் பிறந்த இடத்தின் தன்மையை விடுவதில்லை.

அதே அகழாய்வில் சீன ஓடுகளை வீலர் பயன்படுத்திய விதமோ நுட்பமானது. அரிக்கமேட்டுச் சுவர்களின் செங்கற்களைப் பிற்காலத்தார் தோண்டி எடுத்துச் சென்றிருந்தனர். அச்செயலின் காலத்தை அறிய, சுங்-யுவான் காலச் செலடான் ஓடுகளையும் சோழர் காசுகளையும் அவர் சான்றாகக் கொண்டார். அங்கே சீன ஓடு காலம் குறித்தது துறைமுகம் செழித்த நாளுக்கன்று. அதன் சுவர்கள் பெயர்க்கப்பட்ட நாளுக்கே. ஓடு எந்த அடுக்கில், எக்குழியில் கிடந்தது என்ற குறிப்பின்றிக் கரையில் பொறுக்கப்படும் ஓடு இத்தகைய செய்தி எதனையும் தராது.