ஹைட்ரஜன் வண்டி வந்தா ஸ்ரீபெரும்புதூர் வேலை என்னாகும்?

டீசலுக்குப் பதில் ஹைட்ரஜனில் ஓடும் பஸ், லாரிகளைச் சோதிக்க மத்திய அரசு பணம் தருகிறது. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிலாளர்கள் இதை ஏன் கவனிக்கணும்?

யார் தர்றாங்க?
மத்திய புதுப்பிக்கத்தக்க எரிசக்தி அமைச்சகம். 2023-ல் தொடங்கிய தேசிய பசுமை ஹைட்ரஜன் இயக்கத்தின் மொத்த ஒதுக்கீடு ரூ.19,744 கோடி. இதில் 37 வண்டிகள், 9 ஹைட்ரஜன் பங்க்குகளுக்கு 2025 மார்ச்சில் சுமார் ரூ.208 கோடி ஒதுக்கப்பட்டது.

எப்படி ஓடும்?
ரெண்டு வகை. 15 வண்டிகளில் ஃப்யூயல் செல்: ஹைட்ரஜனும் காற்றிலுள்ள ஆக்சிஜனும் சேர்ந்து மின்சாரம் தரும், மோட்டார் ஓடும், வெளியே வருவது தண்ணீர்தான். மீதி 22 வண்டிகள் ஹைட்ரஜனை எஞ்சினிலேயே எரிக்கும்.

இதுல என்ன வித்தியாசம்?
ஃப்யூயல் செல் வண்டிக்கு பிஸ்டன், வால்வு தேவையில்லை. எஞ்சின் வகைக்குத் தேவை. அந்தப் பாகங்களைச் செய்யும் கம்பெனிகளின் ஆர்டர், எந்த வகை ஜெயிக்கிறது என்பதைப் பொறுத்தது.

தமிழ்நாட்டில் ஓடுமா?
தேர்வான 10 வழித்தடங்களில் தமிழ்நாட்டு ரூட் இல்லை. பக்கத்தில் திருவனந்தபுரம் - கொச்சி இருக்கு. ஆனா, இருங்காட்டுக்கோட்டையில் ஆலை வைத்துள்ள ஹூண்டாய், சென்னை ஐஐடியுடன் ஹைட்ரஜன் ஆராய்ச்சி மையம் அமைக்க ரூ.180 கோடி தருவதாக 2024-ல் அறிவித்தது. ஆராய்ச்சி இங்கே, ஓட்டம் வேற மாநிலத்தில் என்பதே இப்போதைய நிலை.